ஒன்பதாவது குழியில் நீலம்

கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிக்கும் தலைவருக்கு வாய் கொஞ்சம் நீளம். பூச்சிமருந்து அடிக்கும் லைசென்ஸைப் புதுப்பிக்கத் தேர்வு என்றதும், கேள்வி கேட்பவனுக்கே தான் பாடம் எடுக்க முடியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். புத்தகத்தைத் தொடவில்லை. கோட்டை விட்டார். அவரிடமே வேலை பார்க்கும் மச்சினன், அவர் ‘தத்தி’ என்று பட்டம் வைத்திருந்தவன், முதன்முறை எழுதியே தேறிவிட்டான்.

இனி அவர் மருந்து அடித்தால் லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அங்கே அது தத்தி ஒருவனிடம்தான் இருந்தது. தன் தம்பியைக் கூப்பிட்டால் கிரீடம் இறங்கிவிடாது என்றாள் மனைவி. இறங்கிவிடும் என்றே அவருக்குப் பட்டது.

போட்டிக்கு முந்தின வாரம் ஒன்பதாவது குழியைச் சுற்றிய புல்லில் பூஞ்சை விழுந்தது. புல் செத்தால் வேலையும் போகும். விடியுமுன் தனியாகப் போய்க் கச்சிதமாக அடித்து முடித்தார். வெளிச்சம் வந்ததும்தான் தெரிந்தது, தரை முழுக்க நீலம். அடித்த இடம் தெரிவதற்காக மருந்தில் சாயம் கலப்பது தொழில் வழக்கம். பழகிய கை திருட்டு வேலையிலும் ஒழுங்காகக் கலந்திருந்தது. திருடப் போன இடத்தில் விலாசம் எழுதிவைக்கும் புத்தி தன்னைத் தவிர வேறு யாருக்கும் வாய்க்காது என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கிளப் செயலாளர் வந்து, பக்கத்தில் யார் நின்றது என்று கேட்டார். அப்போதுதான் சைக்கிளை விட்டு இறங்கிய மச்சினன் நீலத்தைப் பார்த்தான், மாமாவின் முகத்தைப் பார்த்தான்.

"நான்தான் சார் நின்னேன்."

அப்படியென்றால் மருந்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடு என்று செயலாளர் பேனாவை நீட்டினார். பொய் வெளியே வந்தால் அவன் லைசென்ஸ் அன்றோடு சரி. மாமாவின் கிண்டலைக் கேட்டுக்கொண்டே, அக்கா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து படித்து வாங்கியது அது. அவன் பேனாவை வாங்கியதும் இவரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அவன் இப்பதான் வர்றான் சார். நான் தனியாதான் அடிச்சேன்."

வேலை போகவில்லை, பதவிதான் போனது. மறுதேர்வில் தேறும்வரை மச்சினன்தான் தலைவன் என்று சொல்லிவிட்டுச் செயலாளர் நடந்தார்.

புதுத் தலைவனுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கடைசியில் கயிற்றை எடுத்துவந்தான்.

"காயற வரைக்கும் யாரும் மிதிக்கக் கூடாது மாமா. சுத்திக் கட்டணும்."

அவர் ஒரு முனையை வாங்கிக்கொண்டார்.

"எங்க நிக்கட்டும், சொல்லு."