லில்லியனுக்கு வந்த பொய் நோவு

எனக்கு நடிக்க வராது என்று சொல்பவர்கள் எங்கள் ஊர் அசாம் ஜாவாவில் நிறையப் பேர் உண்டு. தாதியர் கல்லூரி மட்டும் என்னை நம்பியது. மாணவிகள் வீடு தேடி வரும் தேர்வுக்கு நான்தான் நோயாளி. எனக்கு இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி, மாத்திரையை நிறுத்திவிட்டேன், மனசைத் தொட்டுக் கேட்டாலொழிய உண்மையைச் சொல்லக் கூடாது. இதுதான் வேஷம்.

அன்று வந்தவள் புக்கிட் பெருந்துங் ஊர்ப் பெண் தனேஸ்வரி. போன முறை என்னிடமே தோற்றவள். இந்த முறையும் தோற்றால், கூடப் படிப்பவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள், இவள் மட்டும் மறுபடி வகுப்பில் உட்கார வேண்டும். விரிவுரையாளர் பிரேமலா மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இனிப்பு நீருக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேனா என்று தனேஸ்வரி பாடம் ஒப்பிப்பதுபோல் கேட்டாள். போடுகிறேன் என்றேன். வேறு மாதிரி கேட்டுத் தொலையேன் பெண்ணே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அப்போது பக்கத்து வீட்டு நல்லம்மாள் மைலோ டின்னோடு உள்ளே நுழைந்தாள். எங்கள் வரிசையில் ஒரு வீட்டுக்குள் தாதி சீருடை போனால் போதும், யாராவது இப்படி நலம் விசாரிக்க வந்துவிடுவார்கள். கதவைத் தட்டுகிற பழக்கமெல்லாம் கிடையாது. வேஷத்தை நான் கலைக்கக் கூடாது. பிரேமலாவும் தடுக்கவில்லை.

எனக்கு இனிப்பு நீர் என்றதும் நல்லம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கும் இருக்கு லில்லி. அவரு போனதுலேருந்து மாத்திரையத் தொடல. யாருக்காகப் போடணும், சொல்லு."

தனேஸ்வரி பேனாவை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நோயாளி நான் இங்கே இருக்க, மதிப்பெண் போச்சே என்று எனக்குப் பதறியது. அவளோ யாரோடு சாப்பிடுகிறீர்கள் என்று நல்லம்மாளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தனியாகத்தான், சோறு இறங்குவதில்லை என்றாள் நல்லம்மாள். தனேஸ்வரி என் பக்கம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, ராத்திரி ரெண்டு பேரும் ஒன்னா சாப்பிட்டா என்ன? மாத்திரையும் ஒன்னா போட்டுக்கலாம்."

அவ்வளவுதான், மாத்திரையை நிறுத்திய ரகசியத்தை நானே கொட்டிவிட்டேன். அதைக் கேட்டு பிரேமலா சிரித்துவிட்டார். நேரம் முடிந்ததும் இது தேர்வு, எனக்கு ஒன்றுமில்லை என்று நல்லம்மாளிடம் விளக்கினார்.

நல்லம்மாள் என்னை முறைத்தாள். "அப்ப ராத்திரி சோறும் நடிப்புதானா?"

"அது நெசம் லா. மாத்திரைய எடுத்துட்டு வா."

கடைசியில் நோயாளி சொல்லும் வார்த்தைக்கும் மதிப்பெண் உண்டு. இந்த மாணவியை மறுபடி வீட்டுக்குள் விடுவீர்களா என்று பிரேமலா என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நல்லம்மாள் முந்திக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்கும் இந்தப் புள்ளையவே அனுப்புங்க, டீச்சர்."

நானும் தலையாட்டினேன். தனேஸ்வரி தேறிவிட்டாள்.