இரவல் போன தோளசைவு

நடன அமைப்பாளர் ஏழாம் வகுப்புக்கு வந்து பேசிவிட்டுப் போன அன்று, பிள்ளைகள் ஒவ்வொருவரிடமிருந்தும் ஓர் அசைவு காணாமல் போனது. அந்தப் பிள்ளைகள் ஆடப்போகும் புதிய மேடை நிகழ்ச்சி பற்றிப் பேசத்தான் வந்திருந்தார். ஆட்டம் எப்படிப் பிறக்கிறது, ஏன் பாட்டே இல்லை என்று பிள்ளைகள் துளைத்தெடுத்ததற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில், "ஆளுக்கு ஒரு அசைவு இரவல் குடுங்க, ஆட்டம் முடிஞ்சதும் திருப்பித் தந்துடுறேன்" என்றார். ஒருவன் மூக்குறிஞ்சலைக் கொடுத்தான், ஒருத்தி நெற்றிமுடியை ஒதுக்குவதைக் கொடுத்தாள். கதவோரம் நின்ற உடற்பயிற்சி ஆசிரியை அவருடைய கைப்பையையே முறைத்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு தேனொழுகப் பேசுகிறவர்களை அவள் நம்புவதில்லை.

அவள் மகளும் அதே வகுப்பு. சிரிப்பதற்கு முன் இடது தோளைச் சற்றே தூக்குவாள். இறந்துபோன அப்பாவிடமிருந்து முகமோ நிறமோ வரவில்லை, அது ஒன்றுதான் வந்தது. அன்று சாயங்காலம் மகள் சிரித்தபோது தோள் அசையவே இல்லை. "ஏண்டி, வேற எதுவுமே கிடைக்கலையா உனக்கு?" என்று ஆசிரியை கத்தினாள். "திருப்பித் தருவாரும்மா" என்றாள் மகள். "தருவாரு, தருவாரு. நல்லா நம்பிட்டு இரு."

மற்ற பெற்றோர் மின்சாரம் போனதற்கு முனகுவதுபோல் கொஞ்சம் முனகிவிட்டு, வரும்போது வரட்டும் என்று இருந்துவிட்டார்கள். ஆசிரியை மட்டும் ஓர் ஒத்திகையையும் விடவில்லை. நடன அமைப்பாளர் தண்ணீர் குடிக்கப் போனாலும் பின்னாலேயே போனாள். அவர் சிரித்தால் தோளைப் பார்த்தாள். நிகழ்ச்சியில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக இடது தோளைத் தூக்கியபோது இருட்டில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே பக்கவாட்டுக் கதவைக் கண்காணித்தாள்.

ஆட்டம் முடிந்ததும் அவர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, அசைவுகளைத் திருப்பித் தர ஆயத்தமானார். ஏமாற்றிவிடக் கூடாதே என்று ஆசிரியையும் மேடையேறினாள். வரிசையைக் கண்டதும் வருஷக்கணக்கான பழக்கம் முந்திக்கொண்டது. விசிலை ஊதி, "கலைந்து செல்!" என்று கத்திவிட்டாள். பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். அசைவுகளும் சிதறி, அகப்பட்டவர்மேல் ஒட்டிக்கொண்டன. மூக்குறிஞ்சல் தலைமையாசிரியருக்குப் போனது. முடி ஒதுக்குவது காவலாளிக்கு வாய்த்தது; அவருக்கோ வழுக்கை. மகளுக்கு யாருடைய நகம்கடிப்போ கிடைத்தது.

தோளசைவை நடன அமைப்பாளர்தான் அமுக்கிக்கொண்டார் என்று ஆசிரியை பல மாதங்கள் பார்த்தவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தாள். ஒரு நாள் காவலாளி தலைமையாசிரியர் முன்னால் பவ்யமாக நின்று இல்லாத முடியை ஒதுக்க, கணவன் போனபின் முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புக்கு முன் அவளுடைய இடது தோள் சற்றே தூக்கிக்கொண்டது. பக்கத்தில் நின்ற மகள் நகம் கடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அன்றிலிருந்து மகள் தினமும் அம்மாவுக்குச் சொல்ல ஏதாவது ஓர் அசட்டு ஜோக்கோடுதான் வீட்டுக்கு வருகிறாள்.