திருப்பிக் கேட்ட இடம்

மனிதர்கள் வாயால் சொல்லும் எதையும் என் அண்ணன் நம்பமாட்டான். அதே விஷயம் திரையில் கட்டம் போட்டு, கீழே ஒரு எண்ணோடு வந்துவிட்டால் கையெடுத்துக் கும்பிடுவான். அப்பாவுக்குப் பிறகு எங்கள் வாஷிங் மெஷின் ரிப்பேர் கடையை நடத்துகிறவன் அவன்தான். கடையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது நான்; அப்போது அதைப் புதுசாக மாற்றிக்கொண்டிருந்தேன். அன்று காலை கடையைத் திறந்த கையோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

“புது சைட்டுல அந்தச் சத்தப் பக்கம் வேணாம். எடுத்துடு.”

“ஏன், அது உன்னை என்ன பண்ணுச்சு?”

“நீயே ரிப்போர்ட்டைப் பாரு. வர்றவங்க எல்லாம் வந்த வழியே போயிடறாங்க. ஒருத்தர்கூட அடுத்த பக்கத்துக்குப் போகல. யாருமே பாக்காத பக்கத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றது?”

எனக்கு வந்ததே கோபம்! அந்தப் பக்கம் எப்படி வந்தது என்பது அவனுக்குத் தெரியாததா?

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது மெஷின்களை அப்பா பிரிப்பார், போனை அம்மா எடுப்பார். கூப்பிடுகிறவர்களுக்கு மெஷினில் என்ன கோளாறு என்று சொல்லத் தெரியாது. “டொக்கு டொக்குன்னு அடிக்குதுங்க” என்பார்கள். “கொஞ்சம் மெஷின் பக்கத்துல போனைப் பிடிங்க” என்பார் அம்மா. கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அப்புறம் என்ன செய்யவேண்டும் என்று நிதானமாகச் சொல்லுவார். முக்கால்வாசிப் பேருக்கு, “இதுக்குப் போய் கடைக்குத் தூக்கிட்டு வராதீங்க, நீங்களே பண்ணிக்கலாம்” என்பதுதான் பதில். உள்ளேயிருந்து அப்பா, “நீ இருக்கற வரைக்கும் இந்தக் கடை உருப்படாது!” என்று கத்துவார். கத்திவிட்டுச் சிரிப்பார். அண்ணனும் நானும் சாப்பிடும்போது விளையாடுவதே அந்தச் சத்தங்களை வைத்துத்தான். அவன் வாயால் ஒரு கோளாறைச் செய்து காட்டுவான், நான் சொல்லவேண்டும். பெல்ட் தேய்ந்த மெஷின் மாதிரி அவன் கீச்சிடுவதைக் கேட்டால் சோறு புரையேறிவிடும். எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

பிற்பாடு இணையதளம் தொடங்கியபோது, அந்தச் சத்தங்களையெல்லாம் வைத்து, அம்மாவைப் பேசச்சொல்லிப் பதிவு செய்தோம். முதலில் மெஷின் ஓடும். அதன்மேலேயே அம்மா பேசுவார்: இது இன்ன கோளாறு, இப்படிச் செய்யுங்கள். அப்போது அவருக்குக் கணீரென்ற குரல்.

போன வருடம் தொண்டையில் ஆபரேஷன் ஆனது. உயிர் பிழைத்ததே பெரிது. ஆனால் அந்தக் குரல் போய்விட்டது. இப்போது வருவது காற்றும் கரகரப்பும்தான். எங்களிடம் பேசுவார், வெளியாள் யாராவது வந்தால் புன்னகையோடு சரி. கடைக்கு மேலேதான் வீடு, இருந்தும் கடையில் ஆள் இருந்தால் படியிறங்கி வரவேமாட்டார். போனைத் தொட்டே எத்தனையோ மாதமாகிறது. அந்தப் பக்கத்தையும் எடுத்துவிட்டால், அம்மாவின் குரல் ஊருக்கு உபயோகமாக இருக்கிற கடைசி இடமும் போய்விடும். அதை என் அண்ணனே செய்யச் சொல்கிறான் பாருங்கள்!

“ஃபைல் எல்லாம் பென் டிரைவ்ல போட்டு வச்சுக்கோ. நான் வேணாங்கல,” என்றான் போகிற போக்கில்.

“அதை நீயே வச்சுக்கோ. எனக்கு ஒரு மாசம் டைம் குடு. யாரும் கேக்கலைன்னு எண்ணே சொல்லட்டும், நானே என் கையால எடுத்துடறேன்.”

எண் என்றதும் ஒத்துக்கொண்டான்.

விஷயம் இதுதான். எங்கள் தளத்தில் நாங்கள் போட்டிருந்த அனலிடிக்ஸ், ஒருவர் பக்கத்துக்கு வந்தார், போனார் என்பதோடு நின்றுவிடும். வாசலில் நிற்கிற காவல்காரர் மாதிரி. உள்ளே போனவர் உட்கார்ந்தாரா, சாப்பிட்டாரா என்பது அவருக்குத் தெரியாது. சத்தங்கள் எல்லாமே ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஒருவர் வந்து, தன் மெஷினின் சத்தத்தைக் கண்டுபிடித்து, அம்மா சொன்னதைக் கேட்டு, கோளாறைச் சரி செய்துகொண்டு சந்தோஷமாகப் போனாலும், ரிப்போர்ட்டில் ‘ஒன்றும் செய்யாமல் போய்விட்டார்’ என்றுதான் விழும்.

ஆகவே உள்ளே நடப்பதையும் கவனிக்க நானே தனியாக ஏற்பாடு செய்தேன். ஒவ்வொரு சத்தத்தின் பிளே பட்டனுக்கும் சின்னதாக ஒரு நிரல். அழுத்தினால் ‘கேட்டார்’, கடைசிவரை போனால் ‘முடித்தார்’, பின்னால் இழுத்து மறுபடி ஓட்டினால் ‘திருப்பினார்’. கூடவே எந்தச் சத்தம், எத்தனையாவது நொடி என்பதும் பதிவாகும். இந்த மாதிரி நாமாகச் சேர்ப்பதற்கு ஈவென்ட் என்று பெயர். ஆங்கிலத்தில்தான் பெயர் வைப்பார்கள். நான் தமிழிலேயே வைத்தேன். யார் கேட்கப்போகிறார்கள்?

மறுநாள் ரிப்போர்ட்டைத் திறந்தால், அடேயப்பா! ‘கேட்டார்’, ‘கேட்டார்’ என்று பக்கம் பக்கமாக. தலைகால் புரியாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அண்ணனிடம் ஓடினேன். அவன் நிதானமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தான்.

“எல்லாமே நேத்து சாயங்காலம். எல்லாமே ஒரே கம்ப்யூட்டர்.” நிமிர்ந்தான். “இது நீதானே?”

நானேதான். வேலை செய்கிறதா என்று சோதிக்க நான் அழுத்தியது அத்தனையும் கணக்கில் ஏறியிருந்தது. முகத்தில் அசடு வழிய மேசைக்குத் திரும்பி, கடையிலும் வீட்டிலும் இருந்து வருவதைச் சேர்க்காதே என்று ஒரு கட்டளையைப் போட்டேன். அவன் சாயங்காலம் வரை என்னைப் பார்க்கும்போதெல்லாம் ‘கேட்டார்’ என்று சொல்லிச் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்கப்புறம் வந்தவைதான் நிஜமான எண்கள். கூட்டம் என்று சொல்லமுடியாது. ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் கேட்டிருந்தார்கள். பாதிக்குமேல் கடைசிவரை கேட்டிருந்தார்கள். மாதம் முடிந்ததும் அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

“பாத்தியா? வந்த வழியே போறாங்கன்ன? இப்ப என்ன சொல்ற?”

“சரி, கேக்கறாங்க. கேட்டுட்டு நம்ம கடைக்கா வர்றாங்க? அதுலதான் அம்மா தெளிவாச் சொல்லிடறாங்களே, வராதீங்க, நீங்களே பண்ணிக்குங்கன்னு!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அச்சு அசல் அப்பா. அவனுக்கும் அது உறைத்திருக்கவேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டான். அப்புறம் கொஞ்சம் தணிந்து, “அது மட்டுமில்ல. அந்தப் பழைய குரலைக் கேக்கறப்ப அம்மாவுக்கு எப்படி இருக்கும்? அதையும் யோசிச்சுப் பாரு” என்றான். இதை ஏன் முதலிலேயே சொல்லித் தொலையவில்லை என்று தோன்றியது. மனசில் இருப்பதை எண்ணுக்குப் பின்னால் ஒளித்துவைப்பது அவன் வழக்கம்.

பதில் சொல்வதற்குள் அவன் திரையில் விரலை வைத்தான்.

“இது என்ன? மூணாவது சத்தத்துல மட்டும் இத்தனை ‘திருப்பினார்’?”

மூன்றாவது, தண்ணீர் வடியும்போது கடகடவென்று கேட்கும் சத்தம். சட்டைப் பையிலிருந்த சில்லறையோ பட்டனோ பம்ப்பின் ஃபில்டரில் மாட்டிக்கொண்டால் அப்படிக் கேட்கும். திருப்பியவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்குத்தான் போயிருந்தார்கள். சிலர் மூன்று நான்கு தடவைகூட.

“அம்மா பேசற அழகு அப்படி,” என்றேன் பெருமையாக.

“போட்டுப் பாரு.”

போட்டேன். மெஷின் கடகடத்தது. அம்மாவின் பழைய குரல் அறையை நிறைத்தது. “பயப்படாதீங்க, உள்ள ஏதோ மாட்டியிருக்கு. முன்னாடி கீழ்ப்பக்கம் ஒரு மூடி இருக்கும் பாருங்க...” என்று தொடங்கியதும் நாங்கள் இரண்டு பேருமே கூடச் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தோம். எங்களுக்கு எல்லாம் மனப்பாடம். “அதைத் திறக்கறதுக்கு முன்னாடி, பக்கத்துல இருக்கற சின்னக் குழாயை வெளிய இழுத்துத் தண்ணியை வடிச்சுடுங்க...”

சட்டென்று எனக்கு ஏதோ இடறியது. “அண்ணா, நீ பேசாதே. வாயை மூடிக்கிட்டுக் கேளு.”

மறுபடி ஓட்டினேன். வாயை மூடிக்கொண்டு கேட்டோம். ‘மூடி இருக்கும் பாருங்க’ என்பது வரை கேட்டது. அதன்பின் பம்ப் வேகம் எடுத்து அந்த வாக்கியத்தை முழுசாக விழுங்கிவிட்டது. அடுத்துக் கேட்பது, “மூடியைத் திருகித் திறங்க” என்பது.

தண்ணீரை வடிக்காமல் மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? மெஷினில் இருக்கிற அத்தனை தண்ணீரும் தரைக்கு வரும். இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இது தெரியவில்லை. தெரிந்த வாக்கியம் ஆயிற்றே, இல்லாத இடத்திலும் எங்கள் காதே போட்டு நிரப்பிக்கொண்டது.

“எத்தனை பேர் வீட்டுல வெள்ளம் விட்டோமோ,” என்று அண்ணன் தலையில் கைவைத்தான். “இதை உடனே மாத்தணும். நீ பேசிப் போட்டுடு.”

நான் பேசிப் பார்த்தேன். ரயில் வருகையை அறிவிக்கிறவள் மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை அதைவிட மோசம். மூன்றாவது தடவை பாதியில் நிமிர்ந்தால், படியருகில் அம்மா நிற்கிறார். மத்தியானம், கடையில் வேறு ஆள் இல்லை. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. வந்து ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, பழைய பதிவைப் போடச் சொல்லிச் சைகை காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்த இடம் வந்ததும் நெற்றி சுருங்கியது.

“இதை ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?” என்றார் காற்றுக் குரலில். கோபமாகத்தான்.

“எங்களுக்குக் கேட்டுச்சும்மா,” என்றான் அண்ணன்.

அம்மா என்னைக் கையால் நகரச்சொல்லிவிட்டு மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தார். அண்ணன் ஓடிப்போய்க் கடைக் கதவைச் சாத்தினான். யாராவது இந்தக் குரலைக் கேட்டுவிட்டுக் கிண்டலாக ஏதாவது எழுதிவிட்டால்? அம்மா மறுபடியும் ஒடுங்கிப்போனால்? வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா விரலைத் தூக்கினார், நான் அடங்கினேன்.

“மொதல்ல மெஷின் சத்தம் மட்டும் போடு. அதை நிறுத்திட்டு நான் பேசறேன். ரெண்டையும் சேக்காதே.”

மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு பேசினார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு, மெதுவாக. ஒரு தடவை இருமல் வந்தது, மறுபடி தொடங்கினார். முடித்ததும் எழுந்து மேலே போய்விட்டார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவைத் திறக்கப் போனான். அவன் கண் கலங்கியதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அன்றைக்கே பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். அடுத்த சில வாரம் ரிப்போர்ட்டைத் திறக்கவே பயம். நான் திறக்காததை அண்ணன் திறந்தான். பார்த்துவிட்டு, லேப்டாப்போடு மாடிக்கு ஏறினான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“அம்மா, மூணாவது சத்தத்தை இப்ப யாரும் திருப்பறதில்லம்மா.”

அம்மாவின் முகம் விழுந்தது. “பரவால்லடா,” என்று முனகினார். “இந்தக் குரலை யாரு ரெண்டாந்தடவை கேப்பாங்க.”

பேசத் தெரியாதவன்! அவனைத் தள்ளிவிட்டு நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். “அப்படி இல்லம்மா. இங்க பாரு, இது ‘முடித்தார்’. முன்னைவிட நிறையப் பேர் கடைசி வரைக்கும் கேக்கறாங்க. ஒரே தடவையில புரியுது. அதனாலதான் யாரும் திருப்பல. அந்தக் கணீர்க் குரலைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாங்க, ஒண்ணும் புரியாம.”

அம்மா மூக்கு நுனியில் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, மற்ற சத்தங்களின் வரிசையில் விரலை ஓட்டினார். ஐந்தாவதில் ஒரு ‘திருப்பினார்’. ஏழாவதில் இரண்டு.

“இதுலயும் வேகமாப் பேசித் தொலைச்சிருக்கேன் போல,” என்றார். “மைக் எங்க? எல்லாத்தையும் எடுத்துட்டுப் புதுசாப் பேசிடலாம்.”

எல்லாத்தையுமா என்று கேட்க வந்தது எனக்கு. அந்தப் பழைய குரலைக் காப்பாற்றத்தானே அண்ணனோடு மல்லுக்கு நின்றேன், இந்த எண்களையெல்லாம் கட்டி இழுத்து வந்தேன்? ஒன்றுகூட மிச்சமில்லாமல் எடுக்கச் சொல்கிறவர் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர். எனக்கு அழுகை முட்டியது. அண்ணன் என்னைப் பார்த்தான்.

“என்னடி நிக்கற? போய் எடுத்துட்டு வா. ஆள் காத்துக்கிட்டிருக்காங்க,” என்றார் அம்மா.

நான் மைக்கை எடுத்துவரக் கீழே ஓடினேன்.