பன்னிரண்டாயிரம் அடியில் ஓர் அலமாரி

அந்தக் கேப்டனுக்கு விமானக் கம்பெனியில் எல்லோரும் வைத்திருந்த பெயர் பிரசங்கி. வருஷத்துக்கு இரண்டு தடவை விமானிகளை ஏசி அறையில் உட்காரவைத்து, கவனச் சிதறலைப் பற்றி நாலு மணி நேரம் முழங்குவார். "மெஷின் ஓட்டும். மெஷினை யாரு பார்க்கறது? உங்க தாத்தாவா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். டிவி முன்னால் தூங்கும் பூனையின் படம் ஒன்று போடுவார். ஒன்பது வருஷமாக அதே பூனை.

அன்று காலை அவருக்குத் துணை விமானியாக வாய்த்தவள் முப்பத்தெட்டு வயதுக்காரி. மூன்று முறை அந்த வகுப்பில் உட்கார்ந்து கொட்டாவியை மென்று விழுங்கியவள். ஊருக்குத்தான் உபதேசம் என்பது விமானம் மேலே ஏறிய பத்தாவது நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஓட்டுவது அவர், கண்காணிப்பது இவள் என்றுதான் ஏற்பாடு. ஆனால் விமானத்தைத் தானியங்கி ஓட்டியது. கேப்டன் வாயை ஓட்டினார்.

புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். டேப்லெட்டில் சமையலறையின் படங்கள்.

"இங்க பாரும்மா. அலமாரிக்குச் சாம்பல் கலரா, வெள்ளையா? வீட்டுக்காரி வெள்ளைங்கறா. எண்ணெய்ப் பிசுக்கு படிஞ்சா யாரு துடைக்கறது?"

"அவங்கதானே சார் துடைப்பாங்க?"

"அதைத்தான் சொல்றேன். அவளுக்கே புரியலை."

ஐயோ பாவம் அந்த அம்மாள் என்று நினைத்துக்கொண்டாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் புருஷனிடம் இதை நடித்துக் காட்ட வேண்டும். கன்னத்தை உப்பவைத்து, 'அவளுக்கே புரியலை' என்று மூக்கால் சொல்ல வேண்டும். அவர் பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்து அலுத்தவர், விழுந்து விழுந்து சிரிப்பார்.

இறங்கத் தொடங்கியதும் காற்று லேசாகக் குலுக்கியது. வேகத்துக்கு ஏற்ப இன்ஜினைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவி ஏறி இறங்கி உறுமியது. "சும்மா உயிரை வாங்குது" என்று கேப்டன் அதை அணைத்தார். "சரி சார்" என்றாள். குலுக்கல் நின்றது. அதை மறுபடி போட அவருக்கும் ஞாபகமில்லை, சொல்ல அவளுக்கும் ஞாபகமில்லை.

பன்னிரண்டாயிரம் அடியில் நில்லுங்கள் என்று தரையிலிருந்து உத்தரவு வந்திருந்தது. தானியங்கி சமர்த்தாக அங்கே நின்றது. நிற்க இன்ஜினின் பலம் வேண்டும். இன்ஜினோ குறைத்து வைத்த இடத்திலேயே சோம்பிக் கிடந்தது. தானியங்கிக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். உயரம் குறையாமலிருக்க மூக்கை மெல்ல மெல்லத் தூக்கியது. தூக்கத் தூக்க வேகம் விழுந்தது. இருநூற்றைம்பது, இருநூற்று இருபது, இருநூறு, நூற்றெண்பது. இருவர் முகத்துக்கு நேராகவும் அந்த எண் பளிச்சென்று எரிந்தது.

"கைப்பிடி பித்தளையில போட்டா எடுப்பா இருக்கும்ல?" என்றார் கேப்டன்.

அப்போதுதான் அவருக்கு முன்னாலிருந்த, விமானத்தை ஓட்டும் கம்பு உதறத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் போனால் விமானம் பறப்பதை விட்டுவிடும் என்பதற்கான உதறல் அது. கேப்டன் முதலில் செய்த காரியம், டேப்லெட் கீழே விழாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டது.

"என் கையில!" என்று கத்தினாள் அவள். மூக்கைக் கீழே தள்ளி, இன்ஜின் பிடிகளை முன்னால் அழுத்தினாள். பின்னால் யாரோ அலறினார்கள், தட்டுகள் உருண்டன. அறுநூறு அடி விழுந்து விமானம் மூச்சுப் பிடித்தது. உங்கள் உயரம் என்ன என்று தரையிலிருந்து அதட்டினார்கள். பதில் சொல்லிவிட்டு, விமானத்தை மறுபடி பன்னிரண்டாயிரத்துக்கு ஏற்றினாள்.

விமானத்தை அவளே இறக்கினாள். வேனில் ஏறியதும் கேப்டன் தொண்டையைக் கனைத்தார்.

"குலுக்கல்னு எழுதிடலாம்மா. குலுக்கல் இருந்துச்சுல்ல? பொய்யில்லையே."

"அது நின்னு அஞ்சு நிமிஷம் கழிச்சுதானே சார் விழுந்தோம்."

"பயணிகளுக்குத் தெரியுமா அது?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்படியும் ஒரு ஜென்மம்.

அலுவலகத்தில் உட்கார்ந்து அறிக்கையை ஆசை ஆசையாக எழுதினாள். சாம்பல் கலர், பித்தளைக் கைப்பிடி, டேப்லெட்டை அணைத்த அணைப்பு, ஒன்றையும் விடவில்லை. இரண்டு பக்கம் கரும்புச்சாறாக ஓடியது பேனா. மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம்: அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

பேனா நின்றுவிட்டது.

அலமாரியைக்கூட அவள் பார்க்கவில்லை. அவர் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எப்படி உப்பவைப்பது என்று. வேகம் எழுபது எண் விழ ஒரு நிமிஷத்துக்கு மேலாகியிருக்கும். அந்த நிமிஷம் முழுக்க அவர் சமையலறையில் இருந்தார், இவள் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இருந்தாள். பின்னால் நூற்றைம்பது பேர்.

'கண்காணித்துக்கொண்டிருந்தேன்' என்று எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்? சொல்லின் பாதி எழுதி, அடித்தாள். 'கேப்டனை மனதுக்குள் கேலி செய்துகொண்டிருந்தேன். கருவிகளைப் பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

விசாரணை நடந்தது. இரண்டு பேரையும் ஆறு வாரம் பறக்கவிடாமல் தரையில் உட்காரவைத்தார்கள். பிரசங்கிக்கு வகுப்பு பறிபோனது. பயிற்சி அறை வாசலில் அவளை மறித்தார்.

"என்மேல எழுதினே, சரி. உன் தலையில நீயே எதுக்கு மண்ணை வாரிப் போட்டுக்கிட்டே? பொழைக்கத் தெரியாதவ."

அவர் கேட்டது நிஜமாகவே புரியாமல் கேட்டது என்பது முகத்தில் தெரிந்தது. அவளுக்குச் சிரிப்புகூட வரவில்லை.

புருஷனும் அதையேதான் கேட்டார், கொஞ்சம் பதமாக. "அந்த மனுஷன் பேசினதைச் செஞ்சு காட்டேன்" என்றும் கேட்டார். "இன்னொரு நாள்" என்று எழுந்துபோனாள்.

மறுபடி பறக்கப் போன முதல் நாள் கேப்டன் வேறொருவர், நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். விமானம் இறங்கத் தொடங்கியபோது, தன் மகன் கணக்கில் எடுத்த மார்க்கைப் பற்றி ஆரம்பித்தார்.

"இறங்கிட்டிருக்கோம் சார். தரைக்குப் போய்ச் சொல்லுங்க."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. சக்கரம் தரையைத் தொடும்வரை உர்ரென்றே இருந்தார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அவள் வேகத்தைப் படித்தாள்.