நாற்பத்தோராவது ஆள்

கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளர் யாரென்று விஜிதாவுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் அனைத்துலக ஆய்விதழ்களின் வழக்கம். அவர் ஆணா பெண்ணா, எந்த நாட்டில் உட்கார்ந்து படித்தார் என்பதெல்லாம் மறைவு. ஆனால் மனம் இளகித்தான் எழுதியிருந்தார் என்பது வெள்ளிக்கிழமை காலை வந்த மின்னஞ்சலின் முதல் பத்தியிலேயே தெரிந்துவிட்டது.

"நாற்பத்தொன்று என்ற எண்ணுக்குரியவரை என்னால் மறக்க முடியவில்லை. அவருடைய கடைசி நாள் பதிவுக்காகவே இந்தக் கட்டுரை வெளிவர வேண்டும். அவர் எழுதிய பத்து நாள் பதிவுகளையும் முழுமையாகப் பின்னிணைப்பில் சேருங்கள். வேறு திருத்தம் தேவையில்லை."

விஜிதா அதை மூன்று முறை படித்தாள். பயன்பாட்டு உளவியலில் பெயர்பெற்ற ஆய்விதழ் அது. ஜொகூர் பாருவில் ஆறு வருடமாக விரிவுரையாளராக இருப்பவளுக்கு அதில் ஒரு கட்டுரை வருவது சின்ன விஷயமில்லை. ஏற்கெனவே இரண்டு இதழ்கள் கையை விரித்திருந்தன.

"டாக்டர், கிடைச்சிருச்சா?" கதவிடுக்கில் தலையை நீட்டினாள் ஷாமளா, அவளுடைய ஆய்வு உதவியாளர்.

"கிட்டத்தட்ட."

"அலமாக், கிட்டத்தட்டவா? மூணு வருஷமா நீங்க குடும்பம் நடத்தினதே இந்தக் கட்டுரையோடதான். இப்பவாவது அது உங்கள விடட்டும் லா."

விஜிதா சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அன்றைக்கு அவளுடைய கடைசிச் சிரிப்பு.

கட்டுரையின் பொருள் இதுதான். விடிவதற்கு முன்பே ஜொகூர் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்பும் ஆண்கள் வீட்டில் எவ்வளவு பேசுகிறார்கள்? அறுபது பேருக்கு ஆளுக்கு ஒரு படிவம் கொடுத்தாள். பத்து வேலைநாள்களுக்கு, பேருந்தில் திரும்பும்போது ஒரு கேள்வி: இன்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் என்ன சொல்ல நினைக்கிறீர்கள்? மறுநாள் காலை பேருந்தில் இன்னொரு கேள்வி: அதைச் சொன்னீர்களா?

பெயர் எழுத வேண்டாம். தாயின் பெயரில் முதலெழுத்து, தான் பிறந்த தேதி, உடன்பிறந்தவர்களின் எண்ணிக்கை. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் ஒவ்வொருவருக்கும் அடையாளக் குறி. படிவத்தின் அடியில் விஜிதா ஓர் உறுதிமொழியும் எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தாள்: "நீங்கள் யார் என்று கண்டறிய ஆய்வாளர் எந்த முயற்சியும் செய்யமாட்டார்."

படிவங்கள் அடங்கிய அறுபது உறைகளையும் தொழிற்சாலைப் பேருந்தில் கொண்டுபோய்க் கொடுத்தவன், அதே பேருந்தில் வேலைக்குப் போய்வரும் அவளுடைய கணவன் அர்ச்சுனன். பத்து நாள் கழித்து எல்லாவற்றையும் ஒட்டியபடியே வாங்கிவந்து அவள் மேசையில் வைத்தவனும் அவன்தான். ஷாமளா பிரித்து, கணினியில் ஏற்றி, ஆங்கிலத்தில் பெயர்த்தாள். நிரப்பி வந்த படிவங்களை விஜிதா தொடவில்லை. கையெழுத்தைப் பார்த்தால் எழுதியவர் மீது ஒரு சாய்வு வந்துவிடும், அது ஆய்வைக் கெடுக்கும் என்பது அவளுடைய பேராசிரியர் சொல்லிக்கொடுத்த பாடம்.

பின்னிணைப்புக்குத் தமிழ் மூலமும் வேண்டும் என்பதால், அன்றுதான் முதன்முறையாக அலமாரியைத் திறந்து நாற்பத்தோராவது உறையை எடுத்தாள்.

மேலே குறி: ரா-17-5.

எண்ணில் ஒன்றைக் கொக்கி போட்டு, ஏழின் நடுவே ஒரு கோடு கிழித்து எழுதும் ஆளை அவளுக்குத் தெரியும். வீட்டுத் தண்ணீர் பில்லின் பின்புறமும் நாள்காட்டியிலும் ஏழு வருடமாகப் பார்த்த எழுத்து. ரா என்றால் ராஜம்மா, பாலோவில் இருக்கும் அவள் மாமியார். பதினேழு, அவன் பிறந்த தேதி. அண்ணன் இருவர், அக்கா மூவர்.

இந்தக் குறி கணினிக் கோப்பிலும் இருந்தது. இரண்டு வருடத்தில் நூறு முறையாவது அதைக் கடந்து போயிருப்பாள்.

நின்றபடியே படித்தாள்.

முதல் நாள். "தம்போயில் ஏர்கான் பட்டறை வைத்திருக்கும் தவுக்கே, அந்த முதலாளி, கடையை எனக்குக் கொடுப்பதாகச் சொல்கிறார். அடுத்த வெள்ளிக்குள் பதில் வேண்டுமாம்." சொன்னீர்களா? "இல்லை. போனில் இருந்தாள்."

நான்காம் நாள். "பட்டறை என்றால் மதியம் வீட்டுக்கு வந்து அவளோடு உட்கார்ந்து சாப்பிடலாம். கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு வேலைநாளில்கூட அப்படிச் சாப்பிட்டதில்லை. அதைச் சொல்ல வேண்டும்." சொன்னீர்களா? "இல்லை."

ஆறாம் நாள். "இன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்." சொன்னீர்களா? "ஆரம்பித்தேன். ரெண்டு நிமிஷம் இருங்க என்றாள். நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். காலை நாலு மணிக்கு எழுந்தபோது என்மேல் போர்வை இருந்தது."

ஒன்பதாம் நாள். "நாளை கடைசி நாள்." சொன்னீர்களா? "இல்லை."

பத்தாம் நாள். "இன்று சொல்ல ஒன்றும் இல்லை. மனசு லேசாக இருக்கிறது. சொல்ல வேண்டும் என்று தோன்றுவதே நின்றுவிட்டது."

மதிப்பீட்டாளரை உலுக்கிய வரி அதுதான். மாநாடுகளில் அந்த வரியின் ஆங்கிலத்தைத் திரையில் போட்டு, விஜிதாவே இரண்டு முறை கைத்தட்டல் வாங்கியிருக்கிறாள்.

அந்த ஆறாம் நாள் அவளுக்கு நினைவிருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இல்லை. எத்தனையோ நாள் எத்தனையோ ரெண்டு நிமிஷம். போர்வை போர்த்தியது அவளாகத்தான் இருக்க வேண்டும் என்பதுமட்டும் ஓர் அற்பமான ஆறுதல்போல வந்து, வந்த வேகத்திலேயே போனது.

ஒரு காலத்தில் இவனுக்காக அவள் வீட்டையே எதிர்த்து நின்றவள். யாழ்ப்பாணத்துப் பூர்வீகம், அரசாங்க உத்தியோகம், மூன்று தலைமுறைப் படிப்பு என்று பேசிய அப்பா கனகசுந்தரத்திடம், "பாலோ எஸ்டேட்டுப் பையன்னா என்னப்பா, அவர் பேசினா நாள் முழுக்கக் கேட்டுக்கிட்டே இருக்கலாம்," என்று சொல்லித்தான் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்றவள்தான்.

இப்போது அர்ச்சுனன் வார நாள்களில் வீட்டுக்கு வருவதில்லை. பாலத்து நெரிசல் தாங்கவில்லை என்று ஒன்றரை வருடத்துக்கு முன் பாலத்துக்கு அந்தப் பக்கம் உட்லண்ட்ஸில் ஓர் அறை எடுத்துக்கொண்டான். சனிக்கிழமை வந்து ஞாயிறு போவான். நேற்று போன் செய்து, "கம்பெனியில வியட்நாம் போகச் சொல்றாங்க, மூணு வருஷம். திங்கக்கிழமை கையெழுத்துப் போடணும். சனிக்கிழமை வந்து பேசலாம்," என்றிருந்தான். அவளும் "சரி" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போயிருந்தாள்.

அவனை நிறுத்த வேண்டும். உறையைக் கையில் பிடித்தபடி அவளுக்கு அது ஒன்றுதான் தோன்றியது. எப்படி? "நீங்க எழுதினதப் படிச்சேன்" என்று சொல்ல வழியில்லை. கண்டறிய மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவள் அவள். நாற்பத்தோராம் ஆளுக்குக் கொடுத்த வாக்கை அர்ச்சுனனின் மனைவி எப்படி மீறுவாள்?

இன்னொன்றும் இருந்தது. ஆய்வாளரின் குடும்பத்து ஆள் ஆய்வில் பங்கேற்கக் கூடாது. தெரிந்த பிறகு மறைத்தால் அது மோசடி. விஜிதா உட்கார்ந்தாள், ஆய்விதழின் ஆசிரியருக்கு உள்ளது உள்ளபடி எழுதினாள்: நாற்பத்தொன்று என் கணவர், இன்றுதான் தெரிந்தது, அவர் பதிவுகளை நீக்கிவிடுகிறேன், கணக்கீடுகளைத் திரும்பச் செய்து அனுப்புகிறேன். அனுப்பிய பிறகு, முறைப்படி நடந்துகொண்டோம் என்ற நிம்மதியில் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது.

சனிக்கிழமை அர்ச்சுனன் பதினொன்றரைக்கு வந்தான். சமையலறையிலிருந்து நெத்திலி சம்பால் வாசம் வந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"யாரு வராங்க? உங்க டீனா?"

"யாரும் வரல. நமக்குத்தான்."

"நமக்கா? அப்போ நான் ராங்கான வீட்டுக்கு வந்துட்டேன் போல," என்று சிரித்துக்கொண்டே கை கழுவப் போனான். ஒரு காலத்து அர்ச்சுனனின் கேலி. அந்தக் கேலியைக் கேட்டதும் அவளுக்கு நம்பிக்கை பிறந்தது; இன்னும் எல்லாம் போய்விடவில்லை.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வியட்நாமைப் பற்றி அவன் சொன்னான். தங்க வீடு கொடுப்பார்கள். நாலு மாதத்துக்கு ஒரு முறை விடுப்பு. விசாரித்துவிட்டவனின் நிதானத்தோடு சொன்னான். "உனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லையே?"

விஜிதா ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைக் கேட்டாள். "அது இருக்கட்டும். இன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் என்கிட்ட என்ன சொல்லணும்னு நெனச்சீங்க?"

அவன் கை சோற்றில் நின்றது. நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"இது அந்த ஃபாரத்துல இருந்த கேள்வி லா."

அவள் சம்பால் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"படிச்சிட்டியா?"

"நான்... சொல்லக்கூடாதுங்க. யாருன்னு கண்டுபிடிக்க மாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கேன்."

"கண்டுபிடிக்கணும்னுதானே விஜி எழுதினேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"அம்மா பேரு, பொறந்த தேதி, அண்ணன் அக்கா எத்தன பேரு. பஸ்ல மத்தவங்களுக்கெல்லாம் அது ரகசியம். உனக்குமா? பஸ்ல கூட வர்ற மகேஸ்வரன் லீவுல போயிட்டான், ஒரு ஃபாரம் மிச்சம். அப்பத்தான் தோணுச்சு. மூஞ்சியப் பார்த்துச் சொன்னா இவ கேக்க மாட்டா, ஃபாரத்துல எழுதினா கண்டிப்பா படிப்பான்னு. பட்டறை போனா போகட்டும், படிச்சிட்டு ஓடி வருவா, ஏங்க இது என்னன்னு கேப்பான்னு உக்காந்திருந்தேன். ரெண்டு வாரம் ஆச்சு. பெரிய கட்டுரை, நேரமாகும்னு நெனச்சேன். ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு நாள் நீயே சொன்ன: 'ஏங்க, உங்க பஸ்ஸில ஒரு ஆள் என்னமா எழுதியிருக்காரு தெரியுமா, சொல்லணும்னு தோணுறதே நின்னுபோச்சாம். பாவம், அவரு பொண்டாட்டி எப்படிப்பட்டவளோ'ன்னு. அதுக்கு அடுத்த மாசந்தான் ரூம் எடுத்தேன்."

அப்படிச் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. கார் ஓட்டிக்கொண்டே, உற்சாகமாகச் சொன்னாள். அவன் பக்கத்து இருக்கையில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

"நான் ஃபாரத்தையே பார்க்கலைங்க," என்றாள். "பார்க்கக்கூடாதுன்னு முறை. ஷாமளாதான் பிரிச்சா. நான் இங்கிலீஷ்லதான் படிச்சேன். நேத்துத்தான் உறையையே தொட்டேன்."

"இங்கிலீஷ்ல படிச்சாலும் நான்தானே, விஜி."

தம்போயில் ஒரு தவுக்கே, ஒரு பட்டறை, மதியச் சாப்பாட்டுக்கு ஏங்கிய ஒருவன். எந்த மொழியில் எழுதினாலும் அதே ஆள்தான்.

"இனிமே என்ன பண்ணுவ அந்த ஃபாரத்த?"

"எடுக்கணும். குடும்பத்து ஆள் இருக்கக்கூடாது. நேத்தே எடிட்டருக்கு எழுதிட்டேன்."

"நேத்தேவா?"

"ஆமா."

அர்ச்சுனன் மெதுவாகத் தலையாட்டினான். "யாருன்னே தெரியாத எடிட்டருக்கு முதல்ல சொல்லிட்ட. அப்புறம் எனக்குச் சோறு போட்டுக் கேக்கற."

அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளும் அழுது, சண்டை போட்டு, எங்காவது போய்ச் சேர்ந்திருக்கலாம். சோற்றைக் குழம்போடு பிசைந்து, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தான். "சம்பால் நல்லாருக்கு," என்றான், அது பொய்யில்லை.

"போகாதீங்க," என்றாள் விஜிதா. "கட்டுரை வேணாம். திரும்ப வாங்கிடறேன். போகாதீங்க."

"ஏன் திரும்ப வாங்கணும்? நல்ல ஆராய்ச்சி. அந்த அம்பத்தொம்பது பேரும் உண்மையத்தானே எழுதியிருக்காங்க." எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு நின்றான். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி போகாதீங்கன்னு சொல்லியிருந்தா வேலைய விட்டுட்டு ஓடி வந்திருப்பேன். இப்ப நீ சொல்றப்போ, ஐயோ இவ அழறாளேன்னுதான் இருக்கு. வேற ஒண்ணும் தோணல. நீதான் படிச்சவ, சொல்லு. ஒருத்தி மேல பாவப்பட்டு ஒருத்தன் வீட்டுல இருந்தா அது எத்தன நாளைக்கு ஓடும்?"

அவளுக்கு அதற்கு விடை தெரியும். அதுதான் அவள் தொழில். அதனாலேயே இருங்கள் என்று இன்னொரு முறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

திங்கள்கிழமை அவன் கையெழுத்துப் போட்டான்.

ஒருவரை நீக்கியும் கணக்கு மாறவில்லை. ஐம்பத்தொன்பது பேரிலும் அதே முடிவுதான் வந்தது. கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். துறையில் கேக் வெட்டினார்கள். ஷாமளா படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினாள்.

நான்கு மாதம் கழித்து அச்சுக்கு முந்தைய படி வந்தது. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். மூன்றாம் பக்கத்து அடிக்குறிப்பில், "பங்கேற்றோரில் ஒருவர் முதன்மை ஆய்வாளரின் கணவர் என்று பின்னர் தெரியவந்ததால் அவருடைய பதிவுகள் நீக்கப்பட்டன" என்ற வரியின் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு கேள்வி நின்றது. எல்லா உறவு விவரங்களுக்கும் வழக்கமாகக் கேட்பதுதான்: இத்தகவல் வெளியாகும் நாளில் சரியானதா? ஆசிரியர் உறுதிசெய்க.

மற்ற கேள்விகளுக்கெல்லாம் அவள் அன்றே பதில் எழுதிவிட்டாள். இதை மட்டும் மறுநாள் மதியம்வரை அப்படியே விட்டு வைத்திருந்தாள். அவன் போனதிலிருந்து வாரம் ஒரு முறை பேசுகிறார்கள். மழை, வேலை, ராஜம்மாவின் கால்வலி. விடுப்புக்கு அவன் வரவில்லை. அதைப்பற்றி இருவருமே பேசவில்லை.

கடைசியில் போன் செய்தாள். பின்னால் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல் கேட்டது.

"என்ன விஜி, இந்த நேரத்துல?"

"கட்டுரை அச்சுக்குப் போகுது. அடிக்குறிப்புல கணவர்னு போட்டிருக்கேன். அது சரியான்னு கேக்கறாங்க."

இரைச்சல் குறைந்தது. எங்கோ ஓரமாக ஒதுங்கி நின்றிருக்கிறான் என்று புரிந்தது. அவன் யோசிக்கிறான் என்பதும் புரிந்தது. யோசிக்காமல் சொல்லிவிட்டிருந்தால் அவளுக்குப் போதுமாயிருந்திருக்கும்.

"இப்போதைக்குப் போடு," என்றான்.

"சரிங்க."

வைத்துவிட்டு, பெட்டியில் 'ஆம்' என்று தட்டினாள். அனுப்பினாள்.