ஆறுதல் அக்கா வீட்டு நடைவழி

தொற்று வந்த இரண்டாம் மாதம், ஆறுதல் அக்கா வீட்டு நடைவழி நீள ஆரம்பித்தது. ஊரடங்கில் தனியாகக் கிடந்து தவிப்பவர்களுக்குப் போனில் தைரியம் சொல்வது அவள் வேலை. அதனால் தெருவில் அப்படிப் பெயர். ஆபீஸை மூடியதும், அம்மா போனை வைக்கிறவரைக்கும் சத்தம் கூடாது என்று சின்ன மகளுக்கு உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டு, ஹெட்போனும் கம்ப்யூட்டருமாகப் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கூடத்திலிருந்து அந்த அறைக்கு நாலு எட்டுதான். முதலில் கணவன் கொண்டுபோன டீ வழியிலேயே ஆறியது. அப்புறம் சாப்பாட்டுத் தட்டோடு போய்த் திரும்ப அரை நாள் பிடித்தது. கோடைக்குள் அவன் சைக்கிளுக்கு மாறிவிட்டான். போனாலும் பேச்சில்லை; அவள் யாருக்கோ தைரியம் சொல்லிக்கொண்டிருப்பாள், தட்டை வைத்துவிட்டுத் திரும்புவான். வீட்டை வாடகைக்கு விட்ட சொந்தக்காரர் வந்து பார்த்தார். வெளியே இருந்து பார்த்தால் வீடு பழைய அளவுதான், தன்மேல் குற்றமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், வேலை மட்டும் ஒரு விரற்கடைகூடத் தள்ளிப் போகவில்லை. ஷிப்ட் முடிந்து மகளைப் பார்க்கக் கிளம்புவாள்; பாதி வழியில் அடுத்த ஷிப்டுக்கு நேரமாகிவிடும், திரும்பி ஓடுவாள். மேலாளரிடம் முறையிட்டபோது, ஊழியர் மனநலத்துக்கென்று மூச்சுப் பயிற்சி வீடியோ ஒன்றை அனுப்பிவைத்தார். அதையும் வேலை நேரத்தில் பார்க்கக் கூடாதாம். என்னத்தைச் சொல்ல.

ஷிப்டில் அவள் செல்போனைத் தொடக் கூடாது என்பதால், கடைசியில் கணவன் அந்த ஆறுதல் எண்ணுக்கே போன் போட்டான். லைனில் காத்திருந்து காத்திருந்து அவளிடமே வந்து சேர்ந்தான். மனைவியிடம் பேசி மாதக்கணக்காகிறது என்றான்.

"உங்க கஷ்டம் புரியுது சார். மூச்சை மெதுவா இழுத்து விடுங்க," என்றாள்.

அவன் இழுத்து விட்டான். "நான்தான்டி," என்றான்.

கட்டினவன் குரலே அவளுக்கு அடையாளம் தெரியாமல் போயிருந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாள். மேலாளர் திரையில் வந்து, எங்கே போகிறீர்கள் என்றார்.

"வீட்டுக்குப் போறேன்."

"வீட்டுலதானே இருக்கீங்க?"

அவள் கதவைத் திறந்துகொண்டு நடைவழியில் இறங்கினாள். வேலை போயிற்று. இந்தப் பக்கமிருந்து அவள் நடந்தாள், அந்தப் பக்கமிருந்து கணவன் மகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தான். நடுவில் சந்தித்தார்கள். அம்மாவைக் கண்டதும் மகள் உதட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். எவ்வளவு கெஞ்சியும் வாய் திறக்கவில்லை. தொற்று ஒழிந்தது, நடைவழி சுருங்கவில்லை, மூவரும் அந்த நடுவிலேயே அடுப்பை வைத்துக் குடியிருந்தார்கள். ஒரு மழைக்காலம் முழுக்கக் கழிந்த பிறகுதான் மகள் விரலை எடுத்து, கிசுகிசுப்பாகக் கேட்டாள்: "போனை வச்சிட்டியாம்மா?"

இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள். தபால்காரர் சைக்கிளில் போய்வருகிறார்.