இறங்க மறுத்த எண்

ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவளை 'லேப் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். நிமோனியாவோடு வந்த நான்கு வயதுச் சிறுமியின் மூன்றாம் நாள் ரத்த முடிவைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. தொற்றின் வேகத்தைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு சேர்த்த அன்று நூற்றிருபது. மருந்து வேலை செய்திருந்தால் இந்நேரம் இறங்கியிருக்க வேண்டும். நூற்றெழுபது காட்டியது.

அதே ரத்தத்தை மெஷினில் மறுபடி ஓட்டினாள். அதே எண். குழந்தைகள் டாக்டருக்குப் போன் போட்டாள்.

"காய்ச்சல் விட்டாச்சுக்கா, பொண்ணு சிரிச்சு விளையாடுது. மத்தியானம் வீட்டுக்கு அனுப்பறோம். உங்க மெஷின்தான் மக்கர் பண்ணுது."

"மெஷினைக் காலையிலேயே சரிபாத்துட்டேன் சார்."

"காகிதத்துக்கா வைத்தியம் பாக்கறோம்?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டால் அவளை யாரும் குறை சொல்லப் போவதில்லை. மனசு கேட்கவில்லை. வார்டு நர்ஸிடம் மறு ரத்தம் வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஊசியும் குழாயுமாக இரண்டு மாடி ஏறினாள்.

அம்மாக்காரி துணிகளை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஊசியைக் கண்ட சிறுமி கட்டிலின் மூலைக்கு ஓடினாள்.

"ஒரே ஒரு தடவைடி தங்கம்," என்று கொஞ்சி, ரத்தம் எடுக்கக் கையில் பட்டை கட்டியபடியே அம்மாவிடம் கேட்டாள்: "காய்ச்சல் எப்பம்மா விட்டுச்சு?"

அம்மாக்காரி தலை குனிந்தாள். "முழுசா விடலக்கா. ராத்திரி அடிச்சுது. வீட்டுக்கு விடமாட்டாங்களோன்னு விடியக்காலையில நானே பையிலேருந்து காய்ச்சல் மருந்து ஊத்திட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

புது ரத்தத்தில் எண் நூற்றெழுபதையும் தாண்டியது. இந்தத் தடவை போன் இல்லை. காகிதத்தோடு டாக்டர் அறை வாசலிலேயே போய் நின்று, அம்மா சொன்னதையும் சொன்னாள். அவர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு வார்டுக்கு விறுவிறுவென்று நடந்தார்.

வலது பக்கம், கீழே, மூச்சுச் சத்தம் அமுங்கிக் கேட்டது. ஸ்கேனில் நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது. அன்றே குழாய் வைத்து வடித்தார்கள்; மருந்தையும் மாற்றினார்கள். இரண்டு நாள் ஆட்டம் காட்டிய எண் மூன்றாம் நாள் தொண்ணூறுக்கு வந்தது. அப்புறம் நாற்பது.

"நானே என் பிள்ளைய கெடுத்திருப்பேனேக்கா," என்று அம்மாக்காரி அழுதாள்.

"கேட்டதும் மறைக்காம சொன்னியேம்மா, அது போதும். முதல்ல நீ சாப்பிடு."

குழந்தை வீடு திரும்பப் பன்னிரண்டு நாளாயிற்று. மறுவாரம் இன்னொரு பிள்ளையின் முடிவு முரண்டு பிடித்தபோது, டாக்டரே லேப்புக்கு இறங்கி வந்தார்.

"என்னக்கா, என்ன தோணுது?"

"தெரியல சார். இன்னொரு தடவை பாத்துடலாம்," என்றாள்.